ஊர் கையில் தண்ணீர்: கோஸ்டாரிகா சங்கங்கள் நமக்குச் சொல்வது



நம் கூட்டங்களில் குடிதண்ணீர்ப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். "எல்லாத்தையும் ஊர் கையில குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்பது ஒரு கட்சி. "ஊர் கையில குடுத்தா ஆறே மாசத்துல மோட்டார் எரிஞ்சு கெடக்கும், யாரு வசூல் பண்றது? அரசாங்கமே செய்யட்டும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா இரண்டுமே பெரும்பாலும் ஊகம்.

ஊகத்தை ஒதுக்கிவைத்து, ஊர்ச் சங்கங்களே பல பத்தாண்டுகளாகக் குடிதண்ணீர் கொடுத்துவரும் ஒரு நாட்டைப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்காகக் கோஸ்டாரிகாவைப் படித்தேன். அதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சில ஊர்களில் தண்ணீர் கெட்டுப்போனது வயலில் தெளித்த நஞ்சால். அதனால் இது குழாய் சம்பந்தப்பட்ட பாடமாக மட்டும் இல்லை, நம்ம இயற்கை வேளாண்மைக்கும் பாடமாக இருக்கு.

ஆசாதா என்றால் என்ன?

கோஸ்டாரிகா நடு அமெரிக்காவில் இருக்கும் சின்ன நாடு. பரப்பில் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை, மக்கள்தொகை சுமார் 50 லட்சம். 1961-ல் நாடு முழுவதற்கும் ஒரு குடிநீர் நிறுவனத்தை அரசு உருவாக்கியது. நகரங்களுக்கு அதுவே நேரடியாகத் தண்ணீர் கொடுத்தது. மலையிலும் காட்டோரத்திலும் சிதறிக் கிடந்த ஊர்களுக்கு எல்லாம் அதனால் போக முடியவில்லை. அங்கே ஊர்க்குழுக்களை அமைத்து, குழாய் பதிக்கப் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தார்கள். பள்ளம் தோண்டுவது, தொட்டி கட்டுவது, பிறகு நடத்துவது எல்லாம் ஊர் வேலை.

இந்தக் குழுக்கள் பின்னாளில் சட்டப்படி பதிவு செய்த சங்கங்களாயின. ஸ்பானிய மொழிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆசாதா' என்கிறார்கள். இன்றைக்கு ஏறத்தாழ 1,400-லிருந்து 1,500 ஆசாதாக்கள் இருக்கின்றன. நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் இவற்றின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஐம்பது வீட்டுக்குக் கொடுக்கும் சங்கமும் உண்டு, ஆயிரக்கணக்கான இணைப்பு உள்ள சங்கமும் உண்டு.

அமைப்பு எளிமையானது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம். அதில் தேர்ந்தெடுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. இவர்கள் கணக்கையும் நடவடிக்கையையும் பார்க்கத் தனியே ஒரு கண்காணிப்பாளர். சம்பளம் வாங்குபவர் குழாய்க்காரர், பெரிய சங்கமாக இருந்தால் ஒரு அலுவலக ஆள். நீர் மக்கள் சொத்து, சங்கம் அதை நடத்தும் பொறுப்பை மட்டும் நாட்டு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்கிறது. கட்டணத்தை நினைத்தபடி ஏற்ற முடியாது. அதை நிர்ணயிக்கத் தனி ஆணையம் இருக்கு.

ஆக, ஊர் நடத்துகிறது. அரசு விலகிப் போகவில்லை. நம்ம இரண்டு கட்சியும் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இது.

நன்றாக நடக்கும் சங்கம் எப்படி நடக்குது?

எல்லா ஆசாதாவும் ஒரே மாதிரி இல்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே மழையில், ஒரே சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் கொடுக்கும். பக்கத்துச் சங்கம் தடுமாறும். ஏன் இப்படி என்று அங்குள்ள 'காத்தியே' வேளாண் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நன்றாக நடப்பதையும் மோசமாக நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுருக்கமாக அவர்கள் சொன்னது மூன்று. ஊரே உட்கார்ந்து போட்டுக்கொண்ட விதிகள், அதிலும் கட்டணம் எவ்வளவு, கட்டாதவரை என்ன செய்வது என்ற விதிகள். இரண்டாவது, மக்கள் கணக்குக் கேட்பது. மூன்றாவது, வெளியிலிருந்து வரும் அரசு ஆதரவு.

பொதுச் சொத்தை ஊர் மக்கள் எப்படிக் கெடாமல் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோமும் இதையேதான் வேறு விதமாகச் சொன்னார். யார் யாருக்குப் பங்கு என்று தெளிவாக இருக்கணும். விதி அந்த இடத்துக்குப் பொருந்தணும். கண்காணிப்பவர் ஊருக்குப் பதில் சொல்பவராக இருக்கணும். தண்டனை சின்னதில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறணும். சங்கத்தின் உரிமையை அரசு ஒத்துக்கொள்ளணும். நம்ம ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டிகள் முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஊர்களை நினைத்துப் பாருங்கள், இதெல்லாம் அங்கே இருந்தது.

கட்டணக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். நம்ம பக்கத்து ஊர் ஒன்றுக்குப் பொருந்துகிற மாதிரி வைத்துக்கொள்வோம். 150 வீட்டு இணைப்பு, ஒரு 5 எச்.பி. மோட்டார் தினமும் ஆறு மணி நேரம் ஓடுது. மாதச் செலவு:

மின்சாரம், சுமார் 750 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்: 6,000 ரூபாய்
டேங்க் ஆபரேட்டர் சம்பளம்: 6,000
குளோரின், தொட்டி கழுவுவது: 800
குழாய் உடைப்பு, வால்வு: 2,000
மோட்டார் மாற்றுவதற்கான சேமிப்பு: 3,000

மொத்தம் 17,800. வீட்டுக்கு ஏறத்தாழ 119 ரூபாய். ஊரில் வசூலிப்பது 30 ரூபாய் என்றால் வருவது 4,500தான். பாக்கி 13,300-ஐ யாராவது கொடுத்தாகணும். யாரும் கொடுக்கவில்லை என்றால் முதலில் போவது சேமிப்பு. அப்புறம் குளோரின். மோட்டார் எரியும்போதுதான் ஊருக்குத் தெரியும், ஆனா பள்ளம் அதற்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே விழுந்திருக்கும். "ஊர் கையில குடுத்தா மோட்டார் எரியும்" என்று சொல்பவர்கள் பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும்தான்.

இந்த 119 ரூபாயை எல்லாரும் அப்படியே கட்டணும் என்று நான் சொல்லவில்லை. ஊராட்சி மின்கட்டணத்தை ஏற்கலாம், ஏழை வீட்டுக்குக் குறைக்கலாம். ஆனா கணக்கு சுவரில் எழுதியிருக்கணும். யார் எவ்வளவு தாங்குகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியணும்.

எங்கே சறுக்குது?

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பாடம் ஆகாது. ஆசாதாக்களின் பலவீனங்களும் அந்த நாட்டில் நன்றாகவே தெரிந்தவை.

சின்னச் சங்கம் திணறும். நூறு இணைப்புக்குள் இருந்தால் மீட்டர் வைக்க, கணக்கர் வைக்க, பரிசோதனைக்கு அனுப்ப வருமானம் போதாது. அதனால்தான் சின்னச் சங்கங்களை இணைப்பதும், பல சங்கங்கள் கூட்டமைப்பு வைத்துக்கொள்வதும் அங்கே நடக்குது. சராசரியாகப் பார்த்தால் சங்கத் தண்ணீரின் தரம் நாட்டு நிறுவனத்தின் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவுதான்.

சம்பளமில்லாத வேலையைச் சிலரே பல வருஷம் சுமக்கிறார்கள். வயதாகிறது, இளைஞர்கள் வருவதில்லை. எந்த வால்வு எங்கே புதைந்திருக்கு என்பது குழாய்க்காரர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போனதும் வரைபடமும் போய்விடும்.

தண்ணீர் வாங்குபவர் எல்லாரும் சங்க உறுப்பினர் இல்லை. உறுப்பினராகச் சேர்ந்தவருக்குத்தான் பொதுக்கூட்டத்தில் ஓட்டு. கட்டணம் கட்டுவோர் பலர், முடிவெடுப்போர் சிலர் என்றால் 'ஊர்ச் சங்கம்' என்ற பெயரே பாதி பொய். நம்ம ஊரில் இதை இன்னும் உஷாராகப் பார்க்கணும். குழாயின் கடைசித் தெரு எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருக்காரர் குழுவில் இல்லாமல் போட்ட விதி, மேட்டுத் தெருவின் விதியாகத்தான் இருக்கும்.

பெரிய பணம் வந்தால் சங்கம் தனியாக நிற்க முடியாது. வறண்ட குவானகாஸ்தே பகுதியில் சர்தினால் என்ற ஊர் இருக்கு. அங்கிருந்து கடற்கரைச் சுற்றுலாக் கட்டடங்களுக்குக் குழாய் போட்டு நிலத்தடி நீரை எடுத்துப் போகும் திட்டத்தை எதிர்த்து 2008-ல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எவ்வளவு நீர் ஊறுது, எவ்வளவு எடுக்கலாம் என்ற அறிவியல் கேள்வியை அந்தப் போராட்டம்தான் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனது.

குழாய் நன்றாக இருந்தும் தண்ணீர் கெட்ட கதை

இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

கோஸ்டாரிகா உலகத்திலேயே அதிகமாக அன்னாசிப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு. அன்னாசித் தோட்டங்கள் கரீபியக் கடல் பக்கம் சிகீரெஸ் வட்டாரத்தில் பரவின. அங்கே மிலானோ, எல் கைரோ, லா பிரான்சியா, லூயிசியானா என்ற ஊர்களுக்கு ஆசாதாக்கள் தண்ணீர் கொடுத்துவந்தன. 2000-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரில் புரோமாசில், டையூரான் என்ற களைக்கொல்லிகள் இருப்பதைக் கண்டார்கள். புரோமாசில் நீரில் நன்றாகக் கரையும், மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, சீக்கிரம் சிதையாது. இந்த மூன்று குணமும் சேர்ந்தால் போய்ச் சேரும் இடம் நிலத்தடி நீர்தான்.

2007 முதல் அந்த ஊர்களுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. வருஷக் கணக்கில் வந்தது. மழை கொட்டுகிற நாடு, காலடியில் நீர், வீட்டில் குழாய், ஒழுங்காக நடந்த சங்கம், ஆனாலும் குடிக்க லாரிக்குக் காத்திருக்கணும். ஆயிரக்கணக்கான மக்கள். ஊர்ச் சங்கத்தினர் மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், நாட்டுக்கு வெளியேயும் போய் முறையிட்டார்கள். 2017-ல்தான் அரசு புரோமாசிலைத் தடை செய்தது. தண்ணீர் லாரி வரத் தொடங்கி பத்து வருஷம் கழித்து.

அதோடும் முடியவில்லை. இராசூ எரிமலைச் சரிவில் கார்த்தாகோ பகுதி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் கேரட்டும் விளையும் காய்கறிப் பூமி. அங்கே சிப்ரேசெஸ், சாந்தா ரோசா ஊர்களின் ஊற்றுகளில் 2022-ல் குளோரோதலோனில் என்ற பூஞ்சாணக்கொல்லி சிதைந்து உண்டாகும் பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மறுபடியும் ஊற்றை மூடினார்கள், மறுபடியும் லாரி. 2023 கடைசியில் அதற்கும் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 2019-லேயே அனுமதியை மறுத்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. குடிநீர் எடுக்கும் ஊற்றைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்துக்கு நிலத்தை ஒதுக்கச் சொல்லும் நீர்ச் சட்டம் 1942-லிருந்தே இருக்கு. 1996 வனச் சட்டம் வற்றாத ஊற்றுக்கு 100 மீட்டர் பாதுகாப்பு கொடுக்குது. ஆனா ஊற்றில் வரும் நீர் 200 மீட்டருக்குள் விழுந்த மழையாக மட்டும் இருக்காது. மேலே கிலோமீட்டர் தாண்டி இருக்கும் தோட்டத்து மழையும் அதில் சேரும்.

இந்த இரண்டு பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. டையூரான் நம்ம நாட்டில் கரும்புக்கும் வாழைக்கும் களைக்கொல்லி. குளோரோதலோனில் நிலக்கடலை டிக்கா நோய்க்கும் உருளைக் கருகலுக்கும் விற்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடிப்பது சாதாரணமாகிவிட்டது. அதுவும் நீரோடு இறங்கும் குணம் கொண்டது, ஐரோப்பாவில் இருபது வருஷமாகக் கிடையாது.

நம்ம ஊர்க் குழுக்கள் செய்ய வேண்டியது

2019-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு ஊரிலும் கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு இருக்கணும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். தண்ணீர் பரிசோதிக்க ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் களக் கருவியும் கொடுக்கணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதாவது, காகிதத்தில் நமக்கும் ஒரு ஆசாதா இருக்கு. எங்க ஊரிலும் பெயர்ப் பட்டியல் இருக்கு. கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை.

எங்க ஊர்க் குடிநீர்க் கிணறு நாலு பக்கமும் பட்டா நிலத்துக்கு நடுவில் இருக்கு. கிழக்கே என் நிலம், நஞ்சில்லாதது. மற்ற மூன்று பக்கமும் மக்காச்சோளம். களக் கருவி நைட்ரேட், புளோரைடு, இரும்பு, கடினத்தன்மை எல்லாம் காட்டும், கிருமியும் காட்டும். களைக்கொல்லியைக் காட்டாது. அதற்குப் பெரிய ஆய்வகம் வேணும், நிறையப் பணம் வேணும். நம்மால் அளக்க முடியாததை வராமல் தடுப்பதுதான் வழி. அங்கேதான் இயற்கை உழவருக்கு வேலை இருக்கு.

நான் முன்வைப்பது இவ்வளவுதான்:

1. குடிநீர்க் கிணற்றுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருது என்று ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்து ஒரு வரைபடம் போடுங்க. ஓடை, மேடு, சாக்கடை, கழிவறைக் குழி, எருக்குழி எல்லாம் அதில் வரணும். வால்வுகளையும் அதிலேயே குறித்துவிடுங்க.

2. அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிலக்காரர்களிடம் முதலில் களைக்கொல்லியை மட்டும் நிறுத்தக் கேளுங்க. எல்லாத்தையும் ஒரே நாளில் விடச் சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார். மக்காச்சோளத்தில் தட்டைப்பயறு ஊடுபயிர், மூடாக்கு, இரண்டு தடவை சைக்கிள் வீடர் ஓட்டினால் களை அடங்கும். அடுத்த பட்டத்தில் யூரியாவைக் குறைப்பதைப் பேசலாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

3. கூலிச் செலவை நிலக்காரர் தலையில் மட்டும் கட்டாதீங்க. 150 வீடு மாதம் 10 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். வட்டத்துக்குள் மூன்று ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 6,000. களையெடுப்புக் கூலியில் ஒரு நல்ல பங்கு வந்துவிடும். கோஸ்டாரிகாவின் எரேதியா நகரத்தில் 2000 முதல் தண்ணீர்க் கட்டணத்தோடு ஒரு சின்னத் தொகை சேர்த்து, நீர் ஊறும் காட்டைக் காக்கும் நிலக்காரர்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். பணம் வேண்டாம் என்றால் அவர்கள் விளைச்சலை ஊர் முதலில் வாங்கட்டும்.

4. நம்ம பக்கத்தையும் பார்க்கணும். இயற்கை உழவர் என்பதால் நம்ம எருக்குழி கிணற்றோரம் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. மழையில் நனையும் சாணக் குவியலும் கோழி எருவும் கூட நைட்ரேட்டையும் கிருமியையும் கீழே இறக்கும். எருவைக் கிணற்றிலிருந்து தள்ளி, நீர் இறங்கும் பக்கத்தில், கூரையோ தென்னை ஓலையோ போட்டு வையுங்க.

5. குழுவில் தெருவுக்கு ஒருவர், கடைசித் தெருவிலிருந்து கட்டாயம் ஒருவர். அந்தத் தெருக் குழாயில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகுது, குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கா என்று வாரம் ஒருமுறை பார்த்துப் பலகையில் எழுதுங்க.

6. வரவு செலவை மாதாமாதம் ஒட்டுங்க. கட்டாதவருக்கு முதலில் நினைவூட்டல், அப்புறம் வீட்டுக்கு ஆள் போய்ப் பேசுவது, அதற்கப்புறம்தான் அபராதம். எடுத்த எடுப்பிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஊரில் சண்டைதான் மிஞ்சும்.

ஊராட்சி, குடிநீர் வாரியம், வேளாண் துறை இதையெல்லாம் நம்ம தலையில் கட்டிவிட்டுப் போகவும் விடக்கூடாது. மோட்டார், பெரிய பழுது, ஆய்வகப் பரிசோதனை அவர்கள் பொறுப்பு. எந்த நஞ்சைக் கடையில் விற்கலாம் என்பதும் அரசு எடுக்கும் முடிவு. மிலானோ ஊர்ச் சங்கம் எத்தனை ஒழுங்காக நடந்தாலும் புரோமாசிலைக் கடையிலிருந்து எடுக்க அதனால் முடியவில்லை. அதற்குப் பத்து வருஷம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனா குரல் கொடுக்க ஒரு சங்கம் இருந்தது, பரிசோதனை முடிவு கையில் இருந்தது. கூடாத குழுவுக்கு அந்தக் குரலும் இருக்காது.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு தடவை. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். எங்க ஊரில் அன்றைக்கு மூன்று கேள்வி வைக்கப் போகிறேன். குடிநீர்க் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள்? கடைசிப் பரிசோதனை முடிவு என்ன? கிணற்றைச் சுற்றி நஞ்சில்லா வட்டம் போட இந்தச் சபை தீர்மானம் போடுமா? கிணற்றுக்கு மேற்கே இருக்கும் பங்காளியிடம் அதற்கு முன்னாலேயே பேசிவிட்டேன். "களையெடுக்க ஆளு நீ கொண்டுவந்தா, இந்தப் பட்டம் மருந்து அடிக்காம பாக்கறேன்" என்று சொல்லியிருக்கார். ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்க ஊரிலும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்க. கிடைத்த பதில் நல்லதோ கெட்டதோ, நம் அடுத்த கூட்டத்துக்கு எழுதி எடுத்துவாங்க. ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்ப்போம்.